வட்டமா, நீளமா: புனித பேதுரு பேராலயத்துக்கு எந்தத் திட்டம் பொருத்தம்?

1605 மே மாதம் ஐந்தாம் பவுல் திருத்தந்தையாகப் பொறுப்பேற்றபோது, ரோமில் புனித பேதுரு ஆலயம் இரண்டு துண்டாக நின்றது. மேற்குப் பாதி புதியது: மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த சுவர்கள், அவற்றுக்கு மேல் 1590-இல் மூடி முடித்த குவிமாடம். கிழக்குப் பாதி, 4-ஆம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டிய பழைய ஆலயத்தின் மிச்சம். நடுவே 1538-இல் எழுப்பிய ஒரு குறுக்குச் சுவர். அடிக்கல் நாட்டி நூறு வருஷம் ஆகப்போகிறது, ஆனால் கட்டடம் கடைசியில் எந்த வடிவத்தில் நிற்கும் என்ற கேள்வி மட்டும் தீரவே இல்லை.

நான்கு பக்கமும் ஒரே அளவுள்ள கைகளோடு, நடுவில் குவிமாடம் வைத்து, எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றுபோலத் தெரியும் கட்டடமாக முடிப்பதா? இல்லை, ஒரு கையை நீட்டி, வாசலிலிருந்து பலிபீடம்வரை நீண்ட நடுக்கூடம் உள்ள ஆலயமாக்குவதா? முதலாவது கிரேக்கச் சிலுவை வடிவம், இரண்டாவது லத்தீன் சிலுவை வடிவம். பேச்சு வசதிக்கு வட்டத் திட்டம், நீளத் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது: பழையதைச் செப்பனிட்டு அப்படியே வைத்துக்கொள்வது. நான்காவதாக, இரண்டையும் ஒட்டவைக்கும் ஒரு சமரசத் திட்டமும் மரத்தில் மாதிரியாகச் செய்யப்பட்டுக் காத்திருந்தது.

முடிவில் நீளம் வென்றது. மைக்கேலாஞ்சலோவின் குவிமாடத்தை மறைத்துவிட்டார்கள் என்று அன்றிலிருந்து இன்றுவரை புகார் ஓயவில்லை. நான் இதில் நீளத்தின் பக்கம். ஆனால் அதைச் செய்து முடித்த விதத்தில் ஒரு பெரிய பிழை நடந்தது, பழி முழுவதும் தவறான இடத்தில் போய் விழுந்திருக்கிறது என்றும் நினைக்கிறேன். அதற்குக் காரணம் சொல்லத்தான் இந்த ஒப்பீடு.

ஒரு விளக்கம் முதலிலேயே. கதீட்ரல் என்றால் ஆயரின் இருக்கை உள்ள ஆலயம். ரோமின் ஆயரான திருத்தந்தையின் இருக்கை இருப்பது புனித யோவான் லாத்தரன் பேராலயத்தில். கணக்குப்படி பேதுரு ஆலயம் கதீட்ரல் ஆகாது. ஆனாலும் மறுமலர்ச்சிக் காலத்தில் பெரிய ஆலயம் கட்டிய ஒவ்வொரு நகரமும் சந்தித்த கேள்வி இங்கேதான் முழுசாக, நூறு வருஷ விவாதமாக நடந்தது. எடுத்துக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அந்த ஆலயம் செய்ய வேண்டிய வேலைகள்

திட்டங்களை எடைபோடுவதற்கு முன், கட்டடம் எதற்கு என்று பார்த்துவிடுவோம். முதல் வேலை கல்லறை. பேதுருவை அடக்கம் செய்த இடம் என்று நம்பப்படும் புள்ளிக்கு மேல்தான் கான்ஸ்டன்டைன் பலிபீடம் வருமாறு கட்டினார். அந்தப் புள்ளியை யாரும் நகர்த்த முடியாது. இரண்டாவது, கூட்டம். யூபிலி ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் திருப்பயணிகள் ரோமுக்கு வந்து குவிவார்கள். 1450 யூபிலியின்போது பேதுரு ஆலயத்துக்குப் போகும் வழியிலுள்ள சாந்த் ஆஞ்சலோ பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். கூட்டம் எத்தனை பெரிய விஷயம் என்பதற்கு அது போதும்.

அப்புறம் பவனிகள். திருத்தந்தை, கர்தினால்கள், ஆயர்கள், குருக்கள் என்று நீண்ட வரிசை வாசலில் தொடங்கிப் பலிபீடம்வரை நடந்து போக வேண்டும். தினமும் கூடிச் சங்கீதங்கள் பாடும் பேராலயக் குருக்கள் குழுவுக்கு இடம் வேண்டும். திருவுடை அணியவும் பாத்திரங்கள் வைக்கவும் அறைகள் வேண்டும். திருமுழுக்குத் தொட்டிக்கு ஓர் இடம் வேண்டும். வெளியே நிற்கும் மக்களுக்குத் திருத்தந்தை ஆசீர் வழங்க மாடம் வேண்டும். இவ்வளவும் போக, சொல்லாமல் சொல்லப்படும் இன்னொரு வேலையும் உண்டு: கட்டுபவரின் பெயரை நிலைநிறுத்துவது. புதிய ஆலயத்தைத் தொடங்கிய திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸுக்கும் அந்த ஆசை இருந்தது, ஐந்தாம் பவுலுக்கும் இருந்தது.

பழையதையே செப்பனிட்டிருக்கலாமா?

ஒரு காலத்தில் முடிந்திருக்கும். கான்ஸ்டன்டைனின் ஆலயம் 100 மீட்டருக்கும் மேல் நீளமானது. நடுக்கூடமும், இருபுறமும் இரண்டிரண்டு பக்கக்கூடங்களுமாக ஐந்து வரிசை. தூண்கள் பல பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. உள்ளே நூற்றாண்டுக் கணக்கில் திருத்தந்தையரின் கல்லறைகள். வாசல் முற்றத்தில் ஜொத்தோ அமைத்த, கடலில் தத்தளிக்கும் சீடர்களின் படகைக் காட்டும் மொசைக்.

15-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட்டி இதன் சுவர் சாய்ந்திருப்பதைக் கவனித்து எழுதினார். காரணத்தையும் தெளிவாகச் சொன்னார்: வரிசையான திறப்புகளுக்கு மேல், ஊன்று எதுவுமில்லாமல், மிக நீளமாகவும் உயரமாகவும் ஒரே சுவரை ஏற்றியிருக்கிறார்கள், காற்று விடாமல் தள்ளத் தள்ள அது ஒரு பக்கமாகச் சாய்கிறது. கூரையைத் தாங்கி நிறுத்திக்கொண்டு சாய்ந்த பகுதிகளை மட்டும் மாற்றிக் கட்டும் வழியையும் அவரே யோசித்தார். திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் காலத்தில் மேற்கு முனையில் புதிய பகுதி ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். 1455-இல் அவர் இறந்ததும் வேலை நின்றது.

1506 ஏப்ரல் 18 அன்று இரண்டாம் ஜூலியஸ் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். அவருடைய கட்டடக் கலைஞர் பிரமாந்தே பழைய ஆலயத்தின் மேற்குப் பகுதியை இடித்த வேகத்தைப் பார்த்து ரோம் மக்கள் அவருக்கு ‘இடிப்புக்காரர்’ என்று பொருள்படும் பட்டப்பெயரே வைத்தார்கள். பழங்காலத் தூண்களைப் பத்திரமாக இறக்காமல் கீழே தள்ளி உடைத்தார் என்று மைக்கேலாஞ்சலோ பிற்காலத்தில் குறைபட்டுக்கொண்டார். எனக்கும் அது மன்னிக்க முடியாத காரியமாகவே படுகிறது. எப்படியோ, அந்த இடிப்போடு செப்பனிடும் வழி அடைபட்டுவிட்டது. 1605-இல் கர்தினால் பரோனியோ போன்றவர்கள் மிச்சத்தையாவது காப்பாற்றுங்கள் என்று வாதாடியபோது அவர்கள் காத்தது ஒரு கட்டடத்தின் பாதி உடலை.

வட்டம்: கணக்கும் கனவும்

மறுமலர்ச்சிக் காலக் கலைஞர்களுக்கு வட்டத்தின் மேல் இருந்த ஈர்ப்பை வெறும் அழகு மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. இயற்கை வட்டத்தை விரும்புகிறது என்று ஆல்பெர்ட்டி எழுதினார். தொடக்கமும் முடிவும் இல்லாத வடிவம் கடவுளுக்கு ஏற்றது என்ற எண்ணம் அன்று பலருக்கும் இருந்தது. லியனார்டோ டாவின்சி தன் குறிப்பேடுகளில் நடுவில் குவிமாடம் வைத்த ஆலயங்களை விதவிதமாக வரைந்து தள்ளினார். வேறு கலைஞர்கள் சில ஊர்களில் கட்டியும் காட்டினார்கள்.

பொறியியல் பக்கமும் வட்டத்துக்குச் சாதகம். பெரிய குவிமாடம் தன் எடையைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, பக்கவாட்டில் வெளியேயும் தள்ளும். நான்கு பெருந்தூண்கள், அவற்றை இணைக்கும் நான்கு வளைவுகள், அந்த வளைவுகளின் மேல் குவிமாடம் என்று அமைத்து, நான்கு பக்கமும் சம அளவில் கைகளை வைத்தால் அந்தத் தள்ளலை ஒவ்வொரு கையும் ஒரே மாதிரி தாங்கிக்கொள்ளும். பிரமாந்தே இறந்த 1514-க்குள் இந்தத் தூண்களும் வளைவுகளும் நின்றுவிட்டன. ஆனால் அவர் போட்ட தூண்கள் அந்தச் சுமைக்கு மெலிதானவை. பின்னால் வந்தவர்கள் பருமனாக்கிக்கொண்டே போனதில், இன்று ஒவ்வொரு தூணையும் சுற்றி வந்தால் ஏறத்தாழ 70 மீட்டர்.

இங்கே ஒரு விஷயத்தை வட்டத்தின் ஆதரவாளர்கள் கவனிக்க வேண்டும். பிரமாந்தே கையால் வரைந்து இன்று பிளாரன்ஸில் இருக்கும் புகழ்பெற்ற தோல் வரைபடம் பாதி ஆலயத்தைத்தான் காட்டுகிறது. அடிக்கல் நாட்டியபோது வெளியிட்ட பதக்கத்தில் நடுவில் குவிமாடமும் இருபுறமும் கோபுரங்களும் உள்ள முகப்பு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வட்டத் திட்டம் என்று தோன்றும். ஆனால் மறுபாதி எப்படி முடிந்திருக்கும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. ‘பிரமாந்தேயின் தூய வட்டம்’ என்று பேசுவது பாதி வரைபடத்தின் மேல் கட்டிய வாதம்.

அவருடைய மனப்போக்கைக் காட்டும் ஒரு சம்பவத்தை அக்காலத் துறவி விதெர்போ எஜிதியோ எழுதிவைத்திருக்கிறார். ஆலயத்தின் தெற்குப் பக்கத்தில் அப்போது எகிப்தியக் கற்றூண் ஒன்று நின்றது. ஆலய வாசல் அதைப் பார்த்தபடி இருந்தால் பிரமாதமாக இருக்கும் என்று நினைத்த பிரமாந்தே, கட்டடத்தின் திசையையே மாற்றலாம், அதற்காகப் பேதுருவின் கல்லறையையும் நகர்த்திக்கொள்ளலாம் என்று ஜூலியஸிடம் சொன்னார். ஜூலியஸ் அசையவே இல்லை. கல்லறையைத் தொடக் கூடாது, புனிதமானது முதலில், கட்டடத்தின் அழகு அதற்குப் பிறகுதான் என்று திட்டவட்டமாக மறுத்தார். போரும் ஆடம்பரமும் விரும்பிய போப் என்று பெயர் எடுத்தவர், இந்த ஓர் இடத்தில் எது முக்கியம் என்பதில் கட்டடக் கலைஞரைவிடத் தெளிவாக இருந்தார்.

சரி, வட்டத் திட்டம் நடைமுறையில் எங்கே நன்றாக வேலை செய்தது? பிராத்தோ நகரில் பழைய சிறைச்சாலைச் சுவரிலிருந்த மரியன்னை படம் 1484-இல் அற்புதம் செய்ததாக நம்பி, அந்த இடத்தில் 1485 முதல் ஜூலியானோ த சங்கால்லோ ஒரு கிரேக்கச் சிலுவை ஆலயம் கட்டினார். டோடி ஊருக்கு வெளியே சாந்த மரிய தெல்லா கொன்சொலாட்சியோனே ஆலயம், 1508-இல் தொடங்கியது. மோந்தெபுல்சியானோவுக்குக் கீழே சான் பியாஜியோ, 1518-இல் தொடங்கியது. மூன்றும் மனதைக் கொள்ளைகொள்ளும் கட்டடங்கள். மூன்றும் ஒரு புனிதப் படத்தைத் தேடி மக்கள் வரும் சின்ன ஆலயங்கள். பயணிகள் வருவார்கள், சுற்றி நின்று வேண்டுவார்கள், போவார்கள். அந்த வேலைக்கு வட்டம் மாதிரி பொருத்தமான வடிவம் வேறில்லை.

பெரிய நகரத்தின் தலைமை ஆலயமாக்கும்போதுதான் சிக்கல். பலிபீடம் நடுவில் என்றால், திருப்பலி நடக்கும்போது மக்களில் கால்வாசிப் பேர் குருவின் முதுகுப் பக்கம், பாதிப் பேர் பக்கவாட்டில். பவனி போக நீளம் போதாது. குருக்கள் குழுவுக்கு ஒரு கையைக் கொடுத்துவிட்டால் மக்களுக்கு மூன்றே கை. அறைகளுக்கு இடமில்லாததால் வெளியே தனிக் கட்டடம் ஒட்ட வேண்டும், ஒட்டினால் நான்கு பக்கமும் சமம் என்ற அழகு போய்விடும்.

சங்கால்லோவின் சமரசம்

பிரமாந்தேவுக்குப் பின் வந்த ரஃபேல் நீளத்துக்கு மாற்றினார். 1520-இல் அவர் இறந்ததும் பெருட்ஸி மறுபடி குறுக்கினார். 1527-இல் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸின் படைகள் ரோமைச் சூறையாடிய பிறகு கொஞ்ச காலம் தூண்களின் மேல் செடி முளைத்துக் கிடந்தது. அப்போது ரோமுக்கு வந்த ஓவியர்கள் வரைந்த படங்களில் அது புதுக் கட்டடமா பழைய இடிபாடா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அடுத்தவர் இளைய அந்தோனியோ த சங்கால்லோ. நல்ல பொறியாளர், நடைமுறை தெரிந்தவர். வட்டமும் வேண்டும், ஆசீர் மாடமும் நுழைவு மண்டபமும் வேண்டும் என்பதால், சமமான நான்கு கைகளை வைத்துக்கொண்டு முன்னால் ஒரு தனிப் பகுதியை இணைத்தார். கைகளைச் சுற்றி வெளியே நடைபாதை மாதிரி இன்னொரு அடுக்கு. 1539 முதல் 1546 வரை இதற்கு மரத்தில் மாதிரி செய்தார்கள். 7 மீட்டருக்கும் மேல் நீளம், ஆள் உள்ளே போய் நின்று அண்ணாந்து பார்க்கலாம். அது இன்றும் வத்திக்கானில் இருக்கிறது. அதை ஆயிரக்கணக்கான ஸ்கூதி (அக்கால இத்தாலிய நாணயம்) செலவழித்துச் செய்தார்கள் என்றும், மைக்கேலாஞ்சலோ தன் மாதிரியை 15 நாளில் 25 ஸ்கூதியில் முடித்தார் என்றும் அவர்கள் காலத்து எழுத்தாளர் வசாரி சொல்கிறார்.

சங்கால்லோ 1546-இல் இறந்தார். எழுபதைத் தாண்டிய மைக்கேலாஞ்சலோ அடுத்த வருஷம் பொறுப்பை ஏற்றார், அதுவும் சம்பளம் வாங்காமல். அவர் எழுதிய ஒரு கடிதத்தில் சங்கால்லோ திட்டத்தைக் கிழித்துத் தொங்கவிடுகிறார். பிரமாந்தேயின் அமைப்பிலிருந்து விலகியவர்கள் உண்மையிலிருந்தே விலகினார்கள் என்று தொடங்கி, சுற்றி வரும் அந்த வெளி அடுக்கு உள்ளே வரும் வெளிச்சம் அத்தனையையும் விழுங்கிவிடும் என்கிறார். அதோடு விடவில்லை. மேலும் கீழும் எத்தனையோ இருட்டு மூலைகள் உண்டாகும், தேடப்படும் குற்றவாளிகள் ஒளிந்துகொள்வார்கள், கள்ளக் காசு அடிப்பார்கள், கன்னியாஸ்திரிகளுக்குக் கெடுதல் செய்வார்கள், சாயங்காலம் ஆலயத்தைப் பூட்டும்போது உள்ளே ஒளிந்திருப்பவர்களைத் தேட 25 ஆட்கள் வேண்டியிருக்கும், அப்படியும் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று எழுதுகிறார்.

இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். உலகமே சிற்பி என்றும் ஓவியர் என்றும் கொண்டாடும் மனிதர், ஆலயத்தைச் சாயங்காலம் பூட்டுகிறவரின் சிரமத்தை யோசிக்கிறார். கட்டடத்தின் பயன் பற்றிய இந்த அக்கறையால்தான் சங்கால்லோ கட்டியிருந்த வெளிச்சுவரை இடித்தார், மொத்த அளவைக் குறைத்தார், வெளிச்சத்தை உள்ளே விட்டார். சாமான் ஏற்றப் பொதிவிலங்குகள் மேலே ஏறும் அளவுக்குச் சுருள்பாதைகள் அமைத்தார்கள். குறைத்ததால்தான் கட்டடம் முடியும் நிலைக்கு வந்தது. 1564-இல் அவர் இறந்தபோது குவிமாடத்தின் அடிச்சுற்று ஏறக்குறைய முடிந்திருந்தது. திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் முடுக்கிவிட, 1588-இல் தொடங்கி இரண்டே வருஷத்துக்குள் ஜாக்கோமோ தெல்லா போர்த்தாவும் தொமேனிக்கோ ஃபொந்தானாவும் குவிமாடத்தை மூடினார்கள். உள்விட்டம் 42 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, தரையிலிருந்து சிலுவை உச்சிவரை ஏறத்தாழ 136 மீட்டர்.

சமரசத் திட்டத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மைக்கேலாஞ்சலோ சொன்னது சரி.

பணம்

செலவைப் பேசாமல் எந்த ஒப்பீடும் முழுமையாகாது. ஆலயத்துக்குப் பணம் திரட்டத் திருத்தந்தை பத்தாம் லியோ பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை அனுமதித்தார். ஜெர்மனியில் அதன் வருமானத்தில் பாதி, மைன்ட்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் ஃபுகர் வங்கிக் குடும்பத்திடம் பட்ட கடனை அடைக்கப் போனது. 1517-இல் மார்ட்டின் லூதர் முன்வைத்த 95 கருத்துகளில் இந்த ஆலயமே நேராக வருகிறது. தன் ஆடுகளின் தோலும் சதையும் எலும்பும் கொண்டு கட்டுவதைவிடப் பேதுரு ஆலயம் எரிந்து சாம்பலாவதையே திருத்தந்தை விரும்புவார் என்கிறது 50-ஆவது கருத்து. பெரும் பணக்காரரான திருத்தந்தை ஏன் ஏழை விசுவாசிகளின் காசை எடுக்காமல் தன் காசில் கட்டக் கூடாது என்று கேட்கிறது 86-ஆவது.

அந்தக் கேள்விக்கு எந்தத் திட்டத்திடமும் பதில் இல்லை. வட்டம் சிறியது, அதனால் செலவு குறைவு என்பது உண்மை. நீளத்தை ஆதரிக்கும் நான் இந்த ஒரு கணக்கில் வட்டம் முந்துகிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

நீளம் ஏன் வென்றது

1545 முதல் 1563 வரை நடந்த, திருச்சபைத் தலைவர்கள் கூடிய திரிதெந்தின் சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்கத் திருச்சபையின் நோக்கம் மாறிவிட்டது. மக்கள் மறையுரை கேட்க வேண்டும், திருப்பலியைப் பார்க்க வேண்டும், ஒன்றாகக் கூட வேண்டும். மிலான் பேராயர் கார்லோ பொரோமியோ 1577-இல் ஆலயம் கட்டுவது பற்றி விதிகள் வெளியிட்டபோது, சிலுவை வடிவமே சிறந்தது, வட்ட வடிவம் பழைய ரோமானியச் சமயத்தாரிடம் இருந்தது, கிறிஸ்தவர்களிடையே அவ்வளவாக வழக்கம் இல்லை என்று எழுதினார். ரோமில் 1568-இல் தொடங்கிய இயேசு சபையின் ஜெசு ஆலயம் இந்தப் புது நோக்கத்துக்கு முன்மாதிரி ஆனது: அகலமான ஒற்றை நடுக்கூடம், குரல் எட்டும் அமைப்பு, எல்லோர் கண்ணும் ஒரே பலிபீடத்தில்.

1605-இல் பழைய பாதியில், திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது, பலிபீடம் ஒன்றின் அருகே கல் பெயர்ந்து விழுந்தது. அந்தச் செப்டம்பரில் பவுல் மிச்சத்தை இடிக்க முடிவெடுத்தார். ஜாக்கோமோ கிரிமால்தி என்ற ஆவணப் பொறுப்பாளர் இடிப்பதற்கு முன் கல்லறைகள், ஓவியங்கள், பீடங்கள் ஒவ்வொன்றையும் படம் வரைந்து குறிப்பெழுதி வைத்தார். பழைய ஆலயம் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர் கொடை. பிரமாந்தே காலத்தில் இப்படி ஒருவர் இல்லாமல் போனாரே என்று வருத்தமாக இருக்கிறது.

வட்டத்துக்கு எதிரான, பலரும் மறந்துவிடும் வாதம் இங்கேதான் வருகிறது. மைக்கேலாஞ்சலோ திட்டப்படி முடித்திருந்தால், கான்ஸ்டன்டைன் ஆலயத்தின் கிழக்குப் பகுதி நின்ற நிலம் வெளியே திறந்த தரையாகியிருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு மேல் வழிபாடு நடந்த, திருத்தந்தையரும் புனிதர்களும் அடக்கமான மண் அது. அதன்மேல் வண்டியும் குதிரையும் போவதை அன்றைய விசுவாசிகளால் ஏற்க முடியாது. நடுக்கூடத்தை நீட்டியதால் அந்தப் புனித நிலம் முழுவதும் கூரைக்குள் வந்தது. கல்லறையை நகர்த்த மறுத்த ஜூலியஸின் அதே மனம்தான் இது, நூறு வருஷம் கழித்து.

நடுக்கூடத்தை நீட்டும் பொறுப்பை ஏற்ற கட்டடக் கலைஞர் கார்லோ மதேர்னோ 1607-இல் வேலையைத் தொடங்கினார். முகப்பில் உள்ள கல்வெட்டு 1612 என்கிறது, நடுக்கூடத்தின் வளைவுக் கூரை 1615 வாக்கில் முடிந்தது. மைக்கேலாஞ்சலோவின் பிரம்மாண்டச் சுவர்த்தூண் வரிசையையே அவர் பின்பற்றினார். கூரை வளைவில் ஜன்னல்கள் வைத்து நீண்ட கூடம் இருளாமல் பார்த்துக்கொண்டார். உள்நீளம் ஏறத்தாழ 187 மீட்டர் ஆனது. தரையில் உலகின் மற்றப் பெரிய பேராலயங்களின் நீளங்களை உலோக எழுத்துகளில் பதித்திருக்கிறார்கள். நடந்துகொண்டே பார்த்தால் ஒவ்வொன்றும் எங்கே முடிந்துவிடுகிறது என்று தெரியும். 1626 நவம்பர் 18 அன்று திருத்தந்தை எட்டாம் உர்பான் ஆலயத்தை வழிபாட்டுக்கென்று அர்ப்பணித்தார். கர்தினாலாக இருந்தபோது நீட்டுவதை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர்.

உள்ளே நடக்கும்போது நீளத்தின் நியாயம் புரிகிறது. வாசலில் நிற்பவருக்குக் குவிமாடம் தெரியாது, தூரத்தில் வெளிச்சம் மட்டும் தெரியும். நடக்க நடக்க மேலே திறந்துகொண்டே வரும். வட்டத்தில் நுழைந்த சில அடிகளிலேயே எல்லாம் கண்ணுக்குக் கிடைத்துவிடும். திருப்பயணமாக வந்தவருக்கு அந்தக் கடைசி நடை தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பழி யாருக்கு?

முன்சதுக்கத்தில் நெருங்கி நின்றால் குவிமாடத்தின் அடிப்பகுதி மறைகிறது. உண்மைதான். ஆனால் பிளாரன்ஸை நினைத்துப் பாருங்கள். புருனெல்லெஸ்கி 1420-இல் தொடங்கி 1436-இல் மூடிய குவிமாடம், ஏறத்தாழ 45 மீட்டர் விட்டம். அதுவும் நீண்ட நடுக்கூடத்தின் கடைசியில்தான் இருக்கிறது. பேராலயத்தின் முன்வாசலில் நின்றால் அங்கேயும் முகப்புதான் கண்ணை அடைக்கும். அதற்காகப் பிளாரன்ஸ் நடுக்கூடத்தை யாரும் திட்டுவதில்லை. அந்தக் குவிமாடத்தை ஊர் முழுவதும் தெருமுனைகளிலிருந்தும் மலைச்சரிவிலிருந்தும் பார்க்கிறார்கள். நீளத் திட்டத்தில் குவிமாடம் முன்வாசல் அலங்காரமாக இல்லாமல் நகரத்தின் அடையாளமாகிறது. ரோமிலும் அதுவே நடந்தது.

எனக்குக் குறை முகப்பின் மேல்தான். மதேர்னோவின் முகப்பு வேலை ஓடிக்கொண்டிருந்தபோது, இரண்டு ஓரத்திலும் மணிக்கோபுரம் வேண்டும் என்று பவுல் முடிவு செய்தார். அதற்கு அடித்தளமாக முகப்பின் இருபுறமும் ஒவ்வொரு பகுதி கூடியது. கோபுரங்கள் எழவில்லை, அகலம் மட்டும் நின்றுவிட்டது: 115 மீட்டர் அகலம், ஏறத்தாழ 46 மீட்டர் உயரம். உயரத்துக்குப் பொருந்தாத இந்த அகலம்தான் குவிமாடத்தை அமுக்குவதுபோலக் காட்டுகிறது. பின்னர் சிற்பியும் கட்டடக் கலைஞருமான பெர்னினி தெற்கு ஓரத்தில் ஒரு கோபுரம் எழுப்பினார். கீழே முகப்பில் விரிசல் விட்டதால் 1646-இல் அதைப் பிரித்து இறக்க உத்தரவாயிற்று. அந்த நிலம் கோபுரச் சுமையைத் தாங்காது என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. முகப்பின் நடுவில், அப்போஸ்தலர் தலைவரின் பெயர் வர வேண்டிய இடத்தில், பவுலின் குடும்பப் பெயரான ‘போர்கேசே’ வாசலுக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு ஓரப் பகுதிகளையும் மனதில் கழித்துவிட்டுப் பாருங்கள். முகப்பு ஒடுங்கும், குவிமாடத்தோடு உறவு வரும், நடுக்கூடம் அதே நீளத்தில் இருக்கும். மதேர்னோவைத் திட்டுகிறவர்கள் நீளத்தைக் குறைசொல்கிறார்கள். கண்ணை உறுத்துவதோ அகலம்.

ஆக, எந்த வேலைக்கு எது என்று கேட்டால்: ஒரு புனிதப் பொருளைச் சுற்றி மக்கள் வந்துபோகும் ஆலயத்துக்கு வட்டம், தயக்கமே இல்லாமல். ஆயரும் மக்களும் சேர்ந்து வழிபடும் பேராலயத்துக்கு நீளம். கல்லறையும் கூட்டமும் சேர்ந்திருக்கும் பேதுரு ஆலயம் மாதிரியான இடத்துக்கு, கல்லறைக்கு மேல் வட்டத்தை வைத்து அதற்கு ஒரு நீண்ட கையைக் கொடுப்பதே வழி. ரஃபேல் 1514 வாக்கிலேயே இதைச் சொல்லிவிட்டார். இடையில் வந்தவர்கள் கேட்டிருந்தால் மதேர்னோவுக்குக் கொஞ்சம் நல்ல ஆரம்பம் கிடைத்திருக்கும்.

இத்தாலிக்குப் போகும் வாய்ப்பு இருந்து, நீங்களே பார்த்து முடிவெடுக்க நினைத்தால், முன்சதுக்கத்தில் நின்று மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். வத்திக்கான் தோட்டத்துக்குள் போக முன்பதிவு செய்து, ஆலயத்தின் மேற்குப் பின்பக்கத்தைப் பாருங்கள். மைக்கேலாஞ்சலோவின் சுவரும் குவிமாடமும் மதேர்னோவின் குறுக்கீடு இல்லாமல் ஒன்றாகத் தெரிவது அங்கேதான். அப்புறம் டோடிக்குப் போய், ஊருக்கு வெளியே தனியாக நிற்கும் அந்த வட்ட ஆலயத்துக்குள் ஒரு ஞாயிறு திருப்பலியின்போது உட்காருங்கள். எந்தக் கையில் உட்கார்ந்தால் பலிபீடம் நேராகத் தெரிகிறது, எதில் தெரியவில்லை என்று பார்த்தாலே இந்த நூறு வருஷ விவாதத்தின் பாதி கைக்கு வந்துவிடும்.